தயவுசெய்து ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள்

1991-ல் ஜெனீவாவுக்குப் பக்கத்தில், செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில், அணுவைப் பிளந்து அதற்குள்ளும் என்ன இருக்கிறது என்று குடைந்துகொண்டிருந்த விஞ்ஞானிகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. பக்கத்துக் கட்டிடத்துக்காரரின் டெலிபோன் நம்பர் சுலபத்தில் கிடைக்கவில்லை. நம்பர் இல்லாமல் இல்லை. மெயின்ஃபிரேம் கணினிக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. பார்க்க வேண்டுமானால் அதற்குள் லாகின் செய்ய வேண்டும். அதற்காகவே திரையில் ஒரு ஜன்னலை எந்நேரமும் திறந்து வைத்திருந்தவர்கள் உண்டு.

டிம் பெர்னர்ஸ்-லீ அப்போதுதான் உலகளாவிய வலை என்று ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு, உலகத்துத் தகவலையெல்லாம் ஒன்றோடொன்று கோக்கலாம் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிதாக யாரும் அசையவில்லை. டெலிபோன் டைரக்டரியை வலையில் ஏற்றினார்கள். அசைந்தார்கள். மனிதகுலத்தின் மகத்தான பாய்ச்சல் என்று இன்று மேடைதோறும் முழங்குகிறோமே, அந்த வலைக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர்கள் போன் நம்பர் தேடி வந்தவர்கள்.

எப்படித் தேடினார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய சங்கதி. நிக்கோலா பெல்லோ என்ற கணித மாணவி எழுதிய வரிமுறை பிரவுசரில் படம் கிடையாது, மவுஸ் கிடையாது. எழுத்து மட்டும் வரும். ஒரு பக்கத்தில் 'இஸ்இண்டெக்ஸ்' என்ற குறி இருந்தால், இந்தப் பக்கத்தில் தேடலாம் என்று பிரவுசர் புரிந்துகொள்ளும். நீங்கள் கீழே ஒரு பெயரைத் தட்டினால், அதே பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு, பெயரையும் ஒட்டி, சர்வரிடம் மறுபடி கேட்கும். கேள்விக்குறி இல்லாமல் வந்தால் தேடும் பக்கத்தைக் கொடு. கேள்விக்குறியோடு வந்தால் விடையைக் கொடு. சர்வருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். விடைப் பக்கத்திலும் அதே குறியை வைத்துவிட்டால் அங்கிருந்தே அடுத்த ஆளைத் தேடலாம்.

கேட்கிற இடமும் பதில் வருகிற இடமும் ஒன்று. நியாயமாகப் பார்த்தால் இந்தக் கட்டுரை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பொறியாளர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. அவர்கள் இந்த இரண்டையும் பிரித்தார்கள். பிறகு முப்பது வருஷம் செலவழித்துச் சேர்த்தார்கள். சேர்த்த ஒவ்வொரு தடவையும், இதற்கு முன் யாருமே சேர்த்ததில்லை என்று அறிவித்தார்கள்.

பிரிப்பதற்கு முன்னால் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1991 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்திலிருந்து பால் குன்ஸ் செர்னுக்கு வந்திருந்தார். பெர்னர்ஸ்-லீ தன் வலையைக் காட்டினார். குன்ஸ் மரியாதைக்குப் பார்த்தார். மெயின்ஃபிரேமுக்குள் இருக்கும் சமாசாரத்தை இங்கிருந்தே கேட்டு வாங்கிக் காட்டியபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ஊரில் ஸ்பைர்ஸ் என்று இயற்பியல் கட்டுரைகளின் மாபெரும் அட்டவணை ஒன்று இருந்தது. உலகத்து இயற்பியல்காரர்கள் எல்லாம் அதைத் தேடத் தவித்தார்கள். ஊர் திரும்பினார், நூலகத்தின் லூயிஸ் அடிஸ் விடாமல் முடுக்கினார், 1991 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவின் முதல் வலை சர்வர் ஓடியது. அடுத்த மாதம் தென் பிரான்ஸில் இருநூறு இயற்பியல்காரர்கள் கூடிய கூட்டத்தில் பெர்னர்ஸ்-லீ தன் செயல்விளக்கத்தின் உச்சக்காட்சியாக ஸ்பைர்ஸில் ஒரு தேடலைப் போட்டுக் காட்டினார். சபை சொக்கியது. ஒரு சொல் தட்டினால் பதில் வருகிறது என்பதில் சொக்குவதற்கு அந்தக் காலத்தில் இடம் இருந்தது.

இஸ்இண்டெக்ஸில் ஒரு குறை: கேட்பதற்கு ஒரே ஒரு பெட்டி. பெயர், ஊர், ஆணா பெண்ணா, எங்களைப் பற்றி எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்றெல்லாம் விசாரிக்க முடியாது. விசாரிக்க முடியாத உலகத்தை யார் விரும்புவார்கள்? பல கட்டங்கள் உள்ள படிவத்துக்கு டேவ் ராகெட் என்பவர் காகிதத்தில் திட்டம் போட்டார். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. கூடத்தில் மொசைக் பிரவுசர் செய்தவர்கள் 1993 கடைசியில் அதைச் செயலில் கொண்டுவந்தார்கள். வட்டப் பொத்தான், சதுரப் பெட்டி, இழுத்தால் இறங்கும் பட்டியல், கீழே சாம்பல் நிறத்தில் 'சப்மிட்'. தாலுகா அலுவலகத்தின் ஆத்மா வலைக்குள் புகுந்தது அன்றுதான்.

நிரப்பிய படிவத்தை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே. அதே கூடத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வரோடு சி.ஜி.ஐ. என்ற ஏற்பாடு வந்தது. படிவம் ஒரு சாதாரண கோப்பு. அது ஒரு ஃபோல்டரில் கிடக்கும். பதில் சொல்லும் நிரல் 'சி.ஜி.ஐ.-பின்' என்ற தனி ஃபோல்டரில் இருக்கும். அதற்குள் கோப்பு வைக்க அட்மினிஸ்ட்ரேட்டரின் அனுமதி வேண்டும். அவரோ மின்னஞ்சலுக்குப் பதில் போடாதவர். படிவத்தை எழுதியவர் ஒருவர், நிரலை எழுதியவர் இன்னொருவர், இருவரும் ஒருவரையொருவர் பார்த்தது கிடையாது. கேள்வியும் பதிலும் பிரிந்த கதை இவ்வளவுதான். தத்துவம் ஒன்றும் இல்லை. ஃபோல்டர் தகராறு.

விளைவை அனுபவித்தவர் உங்களையும் என்னையும் போன்ற பாமரர். இருபது கட்டத்தை நிரப்பி சப்மிட்டை அழுத்துவார். மோடம் கீச்சிட்டு ஓய்ந்த பிறகு புத்தம் புதிய பக்கம் ஒன்று வரும். அதில் ஒரே வரி: மின்னஞ்சல் முகவரி இல்லை, பின்பட்டனை அழுத்திச் சரிசெய்யவும். பின்பட்டனை அழுத்துவார். இருபது கட்டமும் காலி. எந்தக் கட்டத்தில் பிழை என்று சொன்ன பக்கம் போய்விட்டது. பிழை இருந்த பக்கம் அழிந்துவிட்டது. இந்த ஏற்பாட்டுக்கு அந்நாளில் 'ஊடாடும் வலை' என்று பெயர்.

இதைத் தாங்க முடியாமல் கைவைத்தவர் கணினிக்காரர் அல்ல, டாக்டருக்குப் படித்துவிட்டு மரபணு ஆராய்ச்சிக்குப் போனவர். லிங்கன் ஸ்டெய்ன் பெர்ல் மொழிக்காக எழுதிய சி.ஜி.ஐ.பி.எம். நூலகத்தின் கையேட்டிலேயே ஒரு மாதிரி நிரல் இருக்கும். உங்கள் பெயர் என்ன, பிடித்த நிறம் என்ன என்று கேட்கும். பதில் சொன்னால் அதே படிவத்தின் கீழே, நீங்கள் சொன்னதை உங்களுக்கே வாசித்துக் காட்டும். நிரலின் சூட்சுமம் ஒரே நிபந்தனை: தகவல் வந்திருந்தால் விடையையும் அச்சிடு. அதோடு, நிரப்பியவை கட்டங்களை விட்டு ஓடிவிடாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும்படி செய்தார். அந்த ஒட்டும் குணத்துக்காகவே அவருக்கு ஒரு சிலை வைக்கலாம் என்பது என் கட்சி. வைக்கவில்லை. 2015-ல் பெர்ல்காரர்கள் அந்த நூலகத்தை மொழியின் கூடவே வரும் மூட்டையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

1995 ஜூனில் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் பயோடேட்டாவை யார் யார் பார்க்கிறார்கள் என்று வேவு பார்க்கச் செய்த கருவிகளை ஊருக்கு வெளியிட்டார். வேலை தேடுகிறவரின் அந்தப் பதற்றத்திலிருந்து பிறந்ததுதான் பி.எச்.பி. அதன் ஆரம்பப் பெயரிலேயே படிவத்தைப் புரிந்துகொள்ளும் வித்தை ஒரு பாதியாக இருந்தது. இதில் ஃபோல்டர் தகராறே இல்லை. பக்கத்துக்குள்ளேயே நிரல், நிரலுக்குள்ளேயே பக்கம், எங்கே எது முடிகிறது என்று எழுதியவருக்கே தெரியாது. படிவம் எங்கே போக வேண்டும்? தனக்கே. தான் யார் என்று பக்கம் தெரிந்துகொள்ள 'பி.எச்.பி. செல்ஃப்' என்று ஒரு மாறியும் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பாடநூல்கள் அதை அப்படியே எடுத்துப் படிவத்தில் எழுதச் சொன்னன. 'நான் யார்' என்ற அந்தக் கேள்விக்கான விடை, வருகிறவர் முகவரியின் வாலில் எதை ஒட்டிக்கொண்டு வருகிறாரோ அதையும் சேர்த்துத்தான் என்பது பிறகு தெரிந்தது. போக்கிரிகள் வாலில் நிரலையே ஒட்டிக்கொண்டு வந்தார்கள். ரமணர் கேட்ட கேள்வியைக் கணினியிடம் கேட்டால் இப்படித்தான் ஆகும்.

சரி, ஒரே பக்கத்தில் சேர்த்தாகிவிட்டது. இப்போது புதுத் தலைவலி. தேடல் மாதிரி வேலைகளுக்கு 'கெட்' முறை: எத்தனை தடவை கேட்டாலும் உலகம் மாறாது. பணம் கட்டுவது, பொருள் வாங்குவது மாதிரி வேலைகளுக்கு 'போஸ்ட்' முறை: ஒவ்வொரு தடவையும் ஏதாவது நடந்து தொலைக்கும். போஸ்ட்டுக்குப் பதிலாக வந்த பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால், பிரவுசர் அந்தப் போஸ்ட்டை மறுபடி அனுப்பும். அனுப்பட்டுமா என்று முதலில் கேட்கும், அதுவும் எந்த மனிதனுக்கும் புரியாத வாக்கியத்தில். மனிதன் 'சரி' என்பான். ஒரு சட்டை கேட்டவனுக்கு இரண்டு சட்டை வரும்.

பரிகாரமாக வல்லுநர்கள் முதலில் கண்டது எச்சரிக்கைப் பலகை. பின்பட்டனை அழுத்தாதீர்கள், ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள், ஜன்னலை மூடாதீர்கள். பயணச்சீட்டு வாங்கும்போதும் மின்கட்டணம் கட்டும்போதும் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெறித்துப் பார்க்கும் அந்த வட்டம் சுற்றுகிற பக்கம் இந்த மரபின் வாரிசு. பிரவுசரில் இருக்கும் முக்கியமான பட்டன்களே இரண்டு மூன்று. அவற்றைத் தொடாதே என்பதைத் தொழில்நுட்பத் தீர்வு என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

உண்மையான பரிகாரம் விதிப்புத்தகத்திலேயே இருந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்த பாதை வேடிக்கையானது. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்வதற்காக 1996-ல் வந்த எச்.டி.டி.பி. 1.0 விதிப்படி, சர்வர் 302 என்று சொன்னால் 'வேறு இடத்துக்குப் போ' என்று அர்த்தம். போகும்போது போஸ்ட்டைக் கெட்டாக மாற்றக் கூடாது. பிரவுசர் செய்தவர்கள் இதைப் படித்தார்களா, படித்தும் மதிக்கவில்லையா, தெரியாது, மாற்றினார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் மாற்றினார்கள். குற்றவாளிகள் பெரும்பான்மையாகிவிட்டதால் சட்டம் வளைந்தது. அவர்கள் செய்துகொண்டிருந்த தப்புக்கு 1997-ல் 303 என்று கௌரவமான எண் கொடுத்தார்கள். முன்பு 302 செய்திருக்க வேண்டிய வேலைக்கு 1999-ல் 307 என்று புது எண் வந்தது. 302-ம் வேலையை விட்டுப் போகவில்லை. எல்லா அலுவலகத்திலும் அப்படி ஒருவர் உண்டு.

அந்தத் தப்பின் மேல்தான் இன்றுவரை வலை வியாபாரம் நிற்கிறது. படிவம் போஸ்ட்டாகப் போகும். சர்வர் காரியத்தை முடித்துவிட்டுப் பதில் சொல்லாமல், அந்தப் பக்கத்தைப் போய்ப் பார் என்று 303 சொல்லும். பிரவுசர் கெட் போட்டு விடையை வாங்கும். இப்போது எத்தனை ரிஃப்ரெஷ் செய்தாலும் சட்டை ஒன்றுதான். மைக்கேல் ஜோரவ்லெவ் 2004-ல் இதை விளக்கி எழுதிய பிறகு போஸ்ட், ரீடைரெக்ட், கெட் என்று மந்திரம்போல் ஓத ஆரம்பித்தார்கள். ஒரு சிக்கல்: நடுவில் ஒரு தாவல் தாவியதில், 'உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது' என்ற செய்தி வழியில் விழுந்துவிடும். அதை சர்வர் எங்காவது ஒளித்துவைத்து, அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு தடவை காட்டி அழிக்க வேண்டும். கேள்வியும் பதிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார இத்தனை நடை.

இதற்கிடையே சேர்த்துவைக்கக் கிளம்பிய மற்றவர்களையும் சொல்லிவிட வேண்டும். நெட்ஸ்கேப் 2.0 கொண்டுவந்த ஃபிரேம் திரையை இரண்டாக வெட்டியது. மேலே படிவம், கீழே விடை. கேட்க நன்றாக இருந்தது. விடையைப் புக்மார்க் செய்தால் படிவம் வந்தது. அச்சடித்தால் எது வரும் என்று அச்சுப்பொறிக்கே தெரியவில்லை. 1996 டிசம்பரில் வலைப் பயன்பாட்டு நிபுணர் ஜேகப் நீல்சன் ஃபிரேமைத் திட்டி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பில் இருந்த வசவுக்கு இங்கே நேர்ச்சொல் போட ஆசிரியர் விடமாட்டார்.

மைக்ரோசாஃப்ட் 2002-ல் ஏ.எஸ்.பி.டாட்நெட் மூலம் வேறு வழி பார்த்தது. சர்வருக்கு ஞாபகசக்தி கிடையாது என்பது எச்.டி.டி.பி.யின் பிறவிக்குணம். ஜன்னல் வைத்த மென்பொருள் எழுதிப் பழகிய விஷுவல் பேசிக் நிபுணர்களிடம் இதைச் சொன்னால் மனம் உடைந்துபோவார்கள். ஆகவே சொல்லவில்லை. பக்கம் முழுக்க ஒரே படிவம். எதைத் தொட்டாலும் தனக்கே போஸ்ட். பக்கத்தின் நிலவரம் முழுவதும் 'வியூஸ்டேட்' என்ற மறைவுக் கட்டத்தில் சுருட்டி வைக்கப்பட்டு, சர்வருக்கும் பிரவுசருக்கும் நடுவே போய்ப் போய் வரும். ஒரு வேளைக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போகிறவர் வீட்டுப் பீரோவையும் தூக்கிக்கொண்டு போய்விட்டு, தாம்பூலத்தோடு அதையும் தூக்கிக்கொண்டு திரும்புவது மாதிரி. பக்கத்தில் பெரிய அட்டவணை ஒன்று இருந்துவிட்டால், அட்டவணையை விட பீரோ கனக்கும். ஆனால் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்: படிவமும் விடையும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. அலுவலகங்களில் அது இன்னமும் ஓடுகிறது; யாரும் கைவைக்கத் துணிவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், வியூஸ்டேட் வருவதற்கு முன்பே, அதே மைக்ரோசாஃப்டின் இன்னொரு மூலையில், விவகாரத்தைத் தீர்க்கும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டு அலமாரியில் இருந்தது. எக்ஸ்சேஞ்ச் குழுவினர் அவுட்லுக் மின்னஞ்சலைப் பிரவுசருக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தை மாற்றாமல், பின்புறமாகப் போய் சர்வரிடம் கேட்டு வர ஒரு சின்னக் கருவி அவர்களுக்குத் தேவைப்பட்டது. கருவியை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-க்குள் நுழைக்க வேண்டும். அந்தக் கதவோ சில வாரங்களில் சாத்தப்பட இருந்தது. தகவலைக் குறியிட்டு எழுதும் எக்ஸ்.எம்.எல். முறைக்கான நூலகம் ஒன்று ஏற்கெனவே உள்ளே போவதாக இருந்தது. அலெக்ஸ் ஹாப்மன் தன் கருவியை அதன் முதுகில் ஏற்றி, பெயரிலும் எக்ஸ்.எம்.எல். என்று முன்னால் ஒட்டி அனுப்பினார். எக்ஸ்.எம்.எல்.லுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை, உள்ளே நுழைய அது ஒரு சாக்கு என்று பின்னாளில் அவரே எழுதினார். 1999 மார்ச்சில் பிரவுசர் வெளியானது. கருவியும் வெளியானது. ஊர் கண்டுகொள்ளவில்லை. கூடவே வந்தவை அத்தனையையும் பற்றிச் சண்டை போட்டார்கள். இதைப் பற்றி ஒரு சத்தமும் இல்லை.

ஐந்து வருஷம் கழித்துத்தான் கூகுள் அந்த அலமாரியைத் திறந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தது. ஒரு ஜிகாபைட் இலவசம் என்றதால் பாதிப் பேர் முட்டாள்தின வேடிக்கை என்று நினைத்தார்கள். அந்த டிசம்பரில் கெவின் கிப்ஸ் செய்த கூகுள் சஜஸ்ட்: தட்டிக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குக் கீழே சொற்கள் தொங்கும். 2005 பிப்ரவரி 8 அன்று கூகுள் மேப்ஸ்; ஊரைப் பிடித்து இழுத்தால் ஊர் நகர்ந்தது. பத்து நாள் கழித்து ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த வித்தைகளுக்கெல்லாம் 'ஏஜாக்ஸ்' என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். குளிக்கும்போது தோன்றியது என்பார்கள். ஐந்து வருஷமாகக் கேட்பாரற்றுக் கிடந்த கருவிக்குப் பெயர் வைத்த மறுநாளிலிருந்து வேலைவாய்ப்பு விளம்பரங்களில் ஏஜாக்ஸில் பல வருட அனுபவம் கேட்க ஆரம்பித்தார்கள்.

பிறகு கைக்கு அடங்கவில்லை. 2010 செப்டம்பரில் கூகுள் இன்ஸ்டன்ட் வந்து சப்மிட் பட்டனையே வேலையில்லாதவராக்கியது. தட்டத் தட்ட விடைகள் கீழே மாறிக்கொண்டே இருந்தன. ஒரு தேடலுக்கு 2 முதல் 5 வினாடி மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். மிச்சமான வினாடிகளில் மக்கள் தாங்கள் தேட வந்ததை மறந்து, பாதிச் சொல்லுக்கு வந்த விடையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். 2017-ல் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். கைபேசியில்தான் எல்லோரும் தேடுகிறார்கள், அங்கே இது சரிப்படாது என்றார்கள்.

ஒரே பக்கத்தில் எல்லாம் நடந்தால் முகவரி மாறாது. முகவரி மாறாவிட்டால் விடையை நண்பருக்கு அனுப்ப முடியாது. அனுப்பினால் அவருக்குக் காலிப் படிவம் போகும். தேடுபொறிக்கும் எதுவும் தெரியாது. இதற்கு வைத்தியமாக முகவரியின் நடுவில் '#!' என்று இரண்டு குறிகளைச் சொருகினார்கள். ட்விட்டர் 2010-ல் இந்த மதத்துக்கு மாறியது. 2011 பிப்ரவரியில் காக்கர் நிறுவனத்தின் தளங்கள் மாறின. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கோளாறு, எல்லாத் தளமும் வெள்ளைத் தாளாக நின்றன. வம்புச் செய்திகளுக்கே பெயர் போன தளங்கள் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. 2012 மேயில் ட்விட்டர் பழையபடி சர்வரிலேயே பக்கத்தைத் தயாரித்து அனுப்பத் தொடங்கியது. பக்கம் முதலில் திறக்கும் நேரம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது என்று பெருமையோடு எழுதினார்கள். ஐந்து மடங்கு ஆக்கியவர்களும் அவர்களேதான் என்பதை அவ்வளவு அழுத்திச் சொல்லவில்லை.

2013-ல் ஃபேஸ்புக் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை வெளியிட்டது. அதற்குப் பிறகு ஒரு தேடல் பெட்டி வைக்கவே நூற்றுக்கணக்கான பொட்டலங்களை இறக்கிவைத்துக் கட்டத் தொடங்கினார்கள். 2023 அக்டோபரில், ரியாக்டின் மேல் கட்டிய நெக்ஸ்ட்ஜேஎஸ்ஸின் மாநாட்டு மேடையில், பட்டனுக்குப் பக்கத்திலேயே தரவுத்தளத்திடம் பேசும் எஸ்.க்யூ.எல். வாக்கியம் எழுதிய ஒரு திரையைக் காட்டினார்கள். நிரலும் பக்கமும் படிவமும் விடையும் ஒரே கோப்பில். இணையம் முழுக்கச் சிரித்தது, பி.எச்.பி. எழுதிப் பிழைத்தவர்கள் மட்டும் சிரிக்காமல் அந்தப் படத்தைச் சேமித்து வைத்துக்கொண்டார்கள்.

மோன்டானாவில் கார்சன் கிராஸ் என்பவர் வேறு மாதிரி. 2020-ல் எச்.டி.எம்.எக்ஸ். என்று ஒரே ஒரு கோப்பை வெளியிட்டார். சுருக்கினால் சில கிலோபைட்தான். படிவத்தின் மேல் ஒரு சொல் எழுதி, விடை எந்தப் பெட்டியில் விழ வேண்டும் என்று இன்னொரு சொல் எழுதினால் போதும், அங்கே விழும். மைக்ரோசாஃப்ட், கூகுள், ஃபேஸ்புக் மூன்றும் கொட்டிய பணத்தை நினைத்தால் வயிறு எரியும். அவர் வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: சர்வர் விடையை எச்.டி.எம்.எல். ஆகவே அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பத் தெரிந்த ஆளைத்தான் இப்போது கம்பெனி கம்பெனியாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.